முப்பது வயதில் இடிபடும் வீடுகள்: நகரக் குடியிருப்பின் வடிவமைப்பு, ஓர் எளிய அறிமுகம்

சென்னையில் தியாகராய நகர், அண்ணா நகர், அடையாறு போன்ற பகுதிகளில் நடந்து செல்பவர்கள், தகரத் தட்டிகளால் மறைக்கப்பட்ட மனைக்குள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இடிபட்டுக்கொண்டிருப்பதை அடிக்கடி காணலாம். அவற்றுள் பல 1980களிலும் 1990களிலும் எழுந்த கட்டடங்கள்; மனிதக் கணக்கில் சொன்னால் நடுவயதைத் தாண்டாதவை. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டாலே பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருப்பதால், இக்காட்சி இனி மேலும் பெருகவே செய்யும். இடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் மனை விலையும் கூடுதல் தளங்களுக்குக் கிடைக்கும் அனுமதியும் முதன்மையானவை என்பது உண்மைதான். எனினும், குடியிருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் வேறு சில காரணங்களும் கூடவே வரும்: மேல்வீட்டுக் குளியலறை கீழ்வீட்டில் ஒழுகுகிறது, கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, முதியவர்களால் படி ஏற முடியவில்லை, மேல் மாடியில் கோடையில் இருக்க முடியவில்லை. இந்த நான்கும் வரைபட மேசையிலேயே தீர்த்திருக்கக்கூடியவை.

கட்டடத் துறையினர் இன்று அடிக்கடி பயன்படுத்தும் இரண்டு சொற்களை இங்கே விளக்கிக்கொள்ளலாம். மண், நீர், எரிபொருள் ஆகியவற்றைக் குறைவாகச் செலவழித்துக் கட்டப்பட்டு, குறைவாகச் செலவழித்தே பல தலைமுறை வாழ இடம்தரும் வீட்டை ‘நிலைபேறான வீடு’ என்கிறார்கள். குடியிருப்பவர்களின் எண்ணிக்கையோ வயதோ தொழிலோ மாறும்போது பெரிய இடிபாடு இல்லாமல் தானும் மாறிக்கொள்ளும் வீட்டைத் ‘தகவமையும் வீடு’ என்கிறார்கள். முதல் சொல்லுக்குச் சூரியத் தகடும் செடித்தொட்டியும் விளம்பரப் படங்களாகக் கிடைத்துவிட்டன. இரண்டாவது சொல்லை விற்பனைக் கையேடுகளில் காண்பது அரிது. ஆனால் இரண்டாவது இல்லாமல் முதலாவது நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணத்தைச் சிமெண்டிலிருந்து தொடங்கலாம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டுச் சிமெண்டாக்கும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலின் பங்கு. ஒரு கட்டடத்தின் அடித்தளம், தூண்கள், உத்திரங்கள், தளங்கள் ஆகியவற்றில்தான் சிமெண்டும் கம்பியும் மிகுதியாகச் செல்கின்றன. நன்கு கட்டிப் பராமரித்தால் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கக்கூடிய அந்த எலும்புக்கூட்டை முப்பதாம் ஆண்டில் உடைத்துக் குப்பையாக்கிவிட்டு, அதே இடத்தில் மீண்டும் சிமெண்டைக் கொட்டி, மொட்டை மாடியில் சூரியத் தகடு வைத்துப் ‘பசுமைக் கட்டடம்’ என்று பலகை மாட்டுவது வேடிக்கையான கணக்கு.

எனவே கட்டடத்தை ஒரே பொருளாகப் பார்க்காமல், ஆயுள் வேறுபட்ட பல அடுக்குகளாகப் பார்க்கப் பழக வேண்டும். எலும்புக்கூட்டின் ஆயுள் மிக நீண்டது. கதவும் சன்னலும் இருபது, முப்பது ஆண்டுகளில் மாற்றத்துக்கு வரும். தண்ணீர்க் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் ஏறத்தாழ அதே ஆயுள்தான். இரும்புக் குழாயாக இருந்தால் அதனினும் குறைவு. உள்சுவர்களின் ஆயுளைச் செங்கல் தீர்மானிப்பதில்லை, குடும்பம் தீர்மானிக்கிறது: பிள்ளை பிறப்பதும், அவனோ அவளோ வெளியூர் செல்வதும், பெற்றோர் உடன் வந்து தங்குவதும் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் அறைகளின் தேவையை மாற்றிவிடுகின்றன. ஆயுள் குறைந்த அடுக்கு ஆயுள் நீண்ட அடுக்குக்குள் புதைக்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்போது குறைந்த ஆயுளே முழுக் கட்டடத்தின் ஆயுளாகிவிடுகிறது.

இக்கருத்தை 1961இலேயே தெளிவாக முன்வைத்தவர் நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஹப்ராக்கன். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பிய நகரங்களில் ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் குடியேறுபவருக்குத் தம் வீட்டைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை என்பது அவருடைய குறை. தாங்கும் கட்டமைப்பை ஊரும் பொதுவும் முடிவு செய்யட்டும், அதற்குள் நிரப்பப்படும் சுவர்களையும் அறைகளையும் குடியிருப்பவர் முடிவு செய்யட்டும் என்று அவர் பிரித்துச் சொன்னார். ஜப்பானின் ஒசாகா நகரில் 1993இல் ஒசாகா எரிவாயு நிறுவனம் கட்டிமுடித்த ‘நெக்ஸ்ட் 21’ என்னும் ஆறு தளக் கட்டடம் இக்கருத்தின் புகழ்பெற்ற சோதனைக்களம். அதிலுள்ள 18 வீடுகளை 13 கட்டடக் கலைஞர்கள் தனித்தனியே வடிவமைத்தார்கள். குழாய்கள் உயர்த்திய தரைக்கு அடியிலும் தாழ்த்திய உட்கூரைக்கு மேலும் ஓடுவதால், தூணைத் தொடாமலே சமையலறையை இடம் மாற்ற முடிகிறது. பின்னர் ஜப்பான் அரசு நீண்டகாலத் தரமான வீடுகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி 2009இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நம் ஊருக்குத் திரும்பினால், இந்தத் தத்துவமெல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் இடம் குளியலறை. நகரக் குடியிருப்புகளில் பரவலாகக் கையாளப்படும் முறையில், குளியலறையின் தளத்தை ஒரு அடி அளவுக்குத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, மேலே ஓடு பதித்து மூடிவிடுகிறார்கள். கொத்தனார்கள் இதைச் ‘சங்கன் ஸ்லாப்’ என்பார்கள். மூடிய நாள்முதல் அந்தக் குழாயை எவரும் பார்க்க முடியாது. இணைப்பு ஒன்று கசியத் தொடங்கினால் நீர் பள்ளத்தில் தேங்கி, மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும்; ஆனால் ஈரமும், கடலோரக் காற்றிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பும் சேர்ந்து அந்தக் காப்பை அழித்துவிடும். துருப்பிடித்த கம்பி பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும், காரை பெயர்ந்து விழும். கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டுக்காரரிடம் முறையிடுவார். மேல்வீட்டுக்காரரோ போன ஆண்டுதான் ஓடு மாற்றினேன் என்பார். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் பாதி நேரம் இந்த வழக்கிலேயே கழிகிறது என்று சொன்னால் மிகையாகாது.

தீர்வு புதுமையானதன்று. குளியலறைக்கு மேல் குளியலறை, சமையலறைக்கு மேல் சமையலறை என்று தளந்தோறும் ஒரே நேர்க்கோட்டில் அமைத்து, குழாய்களை எல்லாம் ஆள் நுழையும் அகலமுள்ள செங்குத்துத் தடம் ஒன்றில் இறக்க வேண்டும். அந்தத் தடத்துக்குத் தளந்தோறும் ஒரு சிறு கதவு இருக்க வேண்டும். குளியலறைத் தரையைத் தாழ்த்துவதற்குப் பதிலாக, குழாயைத் தளத்துக்குக் கீழே தொங்கவிட்டுக் கழற்றக்கூடிய உட்கூரையால் மறைக்கலாம். கசிவு தோன்றிய அன்றே கண்ணில் படும். கீழ்வீட்டுக் கூரையில் மேல்வீட்டுக் குழாய் தொங்குவதை ஏற்றுக்கொள்ளும் மனம் மட்டும் கூடுதலாகத் தேவை. முகப்பு அழகு கெடும் என்று குழாயைச் சுவருக்குள் ஒளிக்கும் வழக்கத்துக்கு நாம் கொடுத்துவரும் விலை மிக அதிகம்.

அடுத்தது உள்சுவர். தூண்களும் உத்திரங்களும் பாரத்தைத் தாங்கும் கட்டடத்தில், நாலரை அங்குல உள்சுவர் வெறும் மறைப்புதான். பொறியாளரின் கருத்தைக் கேட்டு அதை எடுக்கலாம், நகர்த்தலாம். பழைய முறையில் சுவரே பாரம் தாங்கும் வீடுகளில் அப்படிச் செய்ய முடியாது. இங்கே ஒரு புதிய நிலைமையையும் சொல்லியாக வேண்டும். புறநகர்களில் எழும் உயர்மாடிக் குடியிருப்புகள் பலவற்றில், அலுமினிய அச்சுகளைப் பொருத்திச் சுவர்களையும் தளத்தையும் ஒருசேரக் கான்கிரீட்டில் வார்க்கும் முறை கையாளப்படுகிறது. வேலைக்களத்தில் இதை ‘மைவான்’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். வேலை விரைவாக முடியும், சுவர் வழவழப்பாக அமையும், கட்டமைப்பும் உறுதியானது. ஆனால் ஏறத்தாழ எல்லாச் சுவருமே பாரம் தாங்குபவை என்பதால் ஒன்றையும் அகற்ற முடியாது. மின்கம்பிக்குப் புதிதாக ஒரு காடி வெட்டுவதற்கே தயங்க வேண்டும். போதாக்குறைக்கு, வெறும் கான்கிரீட் சுவர் செங்கல் சுவரைவிட வெப்பத்தை எளிதாக உள்ளே கடத்தும். இன்றைய குடும்பத்தின் அறைக் கணக்கை அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கல்லில் எழுதிவைப்பது இது. இதை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை; வாங்குபவர் இதை அறிந்தே வாங்க வேண்டும்.

சுவரை நகர்த்துவதைவிட எளிய தகவமைப்பு ஒன்று உண்டு. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்ற பெயர்களைக் கவனித்தால், அவை இடத்தின் பெயர்களே தவிர வேலையின் பெயர்கள் அல்ல என்பது புரியும். கூடத்தில் பகலில் சாப்பிட்டார்கள், மாலையில் பிள்ளைகள் படித்தார்கள், இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள், விசேஷ நாளில் பந்தி போட்டார்கள். இன்றைய வரைபடத்திலோ ‘மாஸ்டர் பெட்ரூம்’ என்று அச்சிட்டு, கட்டிலுக்கு ஒரு சுவர், அலமாரிக்கு ஒரு சுவர் என ஒதுக்கி, மீதமிருக்கும் இரண்டடி நடைபாதையில் மனிதரை உலவவிடுகிறார்கள். அறைகள் ஏறத்தாழ ஒரே அளவில், பன்னிரண்டுக்குப் பதினொன்று அடி என்ற கணக்கில், இரண்டு பக்கம் சன்னலோடு அமைந்தால் எந்த அறையும் எந்த வேலைக்கும் ஆகும். மேலும், ஓர் அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதவும் பொது நடையிலிருந்து ஒரு கதவும், அருகில் ஒரு சிறு குளியலறையும் இருந்தால், அந்த அறை ஒரு காலத்தில் அலுவலகமாகும், ஒரு காலத்தில் தாத்தா பாட்டிக்கு உரியதாகும், வருமானம் தேவைப்படும்போது வாடகைக்கு விடும் ‘போர்ஷன்’ ஆகும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் உணவு மேசையை அலுவலகமாக்கியவர்களுக்கு அந்த இரண்டாவது கதவின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

முதுமைக்கு இடம்தருவதும் இதே கணக்கில் சேரும். நம் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் இரண்டரை அடி அகலத்தில் வைக்கப்படுகின்றன. சட்டமும் கதவின் தடிமனும் போகக் கிடைக்கும் வழியில் சக்கர நாற்காலி நுழைவது கடினம். திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் வழியும், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டமும், கைப்பிடி பொருத்தும் வலுவுள்ள சுவரும் கட்டும்போதே வைத்துவிட்டால் செலவு சொற்பம். பின்னர் உடைத்துச் செய்வதென்றால் வீட்டையே காலி செய்ய வேண்டியிருக்கும். லிஃப்ட் வைக்க இன்று பணமில்லாவிட்டாலும், படிக்கட்டின் அருகே அதற்குரிய கிணறு போன்ற இடத்தை விட்டுவைப்பது அறிவுடைமை.

இனி வெயில். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்திருக்கும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. கோடையில் கட்டடத்துக்குள் வெப்பம் புகும் பெருவழி கூரை. அடுத்த வழி, தாழ்ந்த மாலைச் சூரியன் தாக்கும் மேற்குச் சுவர். தெற்குச் சன்னலை இரண்டடிச் சன்ஷேடு காத்துவிடும். மேற்குச் சன்னலுக்கு அது போதாது, ஏனெனில் மாலைக் கதிர் சன்ஷேடுக்குக் கீழாகவே நுழைந்துவிடும். அதனால் மேற்கில் குளியலறை, படிக்கட்டு, துணி உலர்த்தும் இடம், அலமாரிச் சுவர் ஆகியவற்றை நிறுத்தி, கடற்காற்று வரும் கிழக்கையும் தென்கிழக்கையும் மனிதர் வாழும் அறைகளுக்குக் கொடுப்பது சென்னைக்குப் பொருந்தும் முறை. முகப்பு மொழுமொழுவென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சன்ஷேடையே நீக்கிவிடும் இன்றைய பாணியை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சன்னலின் வகையும் முக்கியம். பக்கவாட்டில் தள்ளும் சன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாதிதான் திறக்கும். கீலில் திறக்கும் பழைய சன்னல் முழுவதும் திறக்கும். காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேற எதிரே ஒரு வழியும் வேண்டும். புழுக்கம் மிகுந்த கடலோர ஊரில் காற்றின் ஓட்டமே உடல் வியர்வையை உலர்த்தும். அது கிடைக்காத அறையில்தான் ஏசி முதலில் நுழைகிறது.

கூரையைப் பொறுத்தவரை, மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு குடியிருப்புகளுக்கென 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு ஓர் எளிய அளவுகோலைத் தருகிறது. உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கூரை வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக்கூடாது என்பது அதன் விதி. காப்பு எதுவுமில்லாத கான்கிரீட் கூரை ஏறத்தாழ அதன் மூன்று மடங்கைக் கடத்தும். முன்னோர் கான்கிரீட் இல்லாமலே இதைச் சமாளித்தார்கள்: தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த கூரைக்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றே பெயர் உண்டு. இன்று வெப்பத்தடுப்புப் பலகையும் அதன்மேல் வெள்ளை ஓடும் அந்த வேலையைச் செய்கின்றன. வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்தாலும் பயன் உண்டு, ஆனால் தூசியும் பாசியும் படிந்தால் அது மங்கிவிடும் என்பதால் தொடர்ந்து கழுவவும் மறுபூச்சு அடிக்கவும் வேண்டும்.

நீரைப் பற்றிய கணக்கு சிலருக்கு ஏமாற்றம் தரலாம், இருந்தாலும் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. 3,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்தால் ஏறத்தாழ 3 லட்சம் லிட்டர். அந்தக் கட்டடத்தில் நால்வர் வாழும் எட்டு வீடுகள் இருந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால், அது 70 நாள்களுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். தனி வீட்டுக்குப் பொருந்தும் கனவு அடுக்குமாடிக்கு அப்படியே பொருந்தாது. எனவே, மழைநீரைத் தொட்டியில் பிடிப்பதோடு மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும். குளித்த நீரைத் தனிக்குழாயில் பிரித்துத் தூய்மைப்படுத்திக் கழிவறைக்குத் திருப்பவும் வேண்டும். தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனாலும் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. காகிதத்துக்காக வைத்த குழாயும் தூர்வாரப்படாத உறைகிணறும் நீரைச் சேர்ப்பதில்லை.

அதே நகரம் 2015 டிசம்பரில் மூழ்கியது. தூண்களின் மேல் நிறுத்திய குடியிருப்புகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மின்மானிப் பலகை, மோட்டார், நிலத்தடித் தொட்டியின் மூடி எல்லாம் வாகன நிறுத்தத்தின் தரைமட்டத்தில் இருந்தால், மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் விளக்கும் குடிநீரும் கிடையாது. மின்பலகையை ஆளுயரத்துக்கு மேலே ஏற்றுவதும் தொட்டியின் வாயைத் திண்டு கட்டி உயர்த்துவதும் சில்லறைச் செலவுகள்தான்.

இதுவரை சொன்னவை வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு உரியவை என்று தோன்றலாம். ஆனால் தகவமையும் வீட்டின் மிகச் சிறந்த சான்றுகள் எளியோர் குடியிருப்புகளில்தான் இருக்கின்றன. சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் ஏறத்தாழ 100 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 7,500 டாலர் அரசு மானியத்துக்குள் மனையும் வீடும் தர வேண்டிய நிலையில், கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004இல் பாதி வீட்டை மட்டும் கட்டிக்கொடுத்தது: குழாய், சமையலறை, படிக்கட்டு, உறுதியான சட்டகம் ஆகியவை பொதுப் பணத்தில், பக்கத்தில் விட்ட வெற்றிடம் குடும்பம் தன் வசதிப்படி நிரப்பிக்கொள்வதற்கு. அவருக்கு 2016இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தபோது உலகமே இதைப் பேசியது. சென்னையில் இதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு முயற்சி 1977லேயே தொடங்கிவிட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். உலக வங்கியின் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் தெருவும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் கொண்ட சிறு மனைகள் பிரித்துத் தரப்பட்டன. எளியோருக்கான மனைகளில் கழிவறையும் அதை ஒட்டிய சிறு கட்டுமானமும் மட்டும் கட்டித்தரப்பட்டன. மீதியைக் குடும்பங்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டன. இன்று அத்தெருக்களில் நடந்தால், கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேல் வாடகைக் குடித்தனம் என்று இரண்டு மூன்று தளங்களாக அந்த மனைகள் வளர்ந்திருப்பதைக் காணலாம். தனியாரால் செய்ய முடியாத சாலையையும் குழாயையும் பொதுத்துறை செய்துவிட்டு, தனியாரால் நன்றாகச் செய்ய முடிந்ததை அவர்களிடமே விட்டது. ஹப்ராக்கன் சொன்ன பிரிவினையும் ஏறத்தாழ இதுதான்.

ஏற்கெனவே கட்டிமுடித்த அடுக்குமாடி வீட்டை வாங்கப்போகிறவருக்கும் செய்வதற்குச் சில இருக்கின்றன. வரைபடத்தில் தூண்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, மற்ற சுவர்களை அழித்துவிட்டதாக எண்ணி, அந்த வெற்றிடத்தில் வேறு இரண்டு விதமாக அறைகளை வரைந்து பார்க்கலாம்; வரைய முடியாவிட்டால் அந்த வீடு ஒரே ஒரு குடும்ப அமைப்புக்காக மட்டும் கட்டப்பட்டது. குளியலறைகள் மேல்தளக் குளியலறைகளுக்கு நேர்கீழே உள்ளனவா, குழாய்த் தடத்துக்குக் கதவு இருக்கிறதா, மேற்கில் எந்த அறை இருக்கிறது என்று பார்க்கலாம். வீடு பார்க்கக் காலையில் அழைப்பார்கள். மே மாதத்தில் மாலை நான்கு மணிக்கு ஒருமுறை தனியாகச் சென்று, விளக்கும் விசிறியும் போடாமல் கால்மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்ப்பது நல்லது. சாவியை வாங்கும் நாளில், குழாய்களும் கம்பிகளும் உண்மையில் சென்றிருக்கும் தடத்தைக் காட்டும் வரைபடத்தைக் கட்டுநரிடம் கேட்டுப் பெற வேண்டும். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்தவர், அப்படி ஒன்று வரையப்படாது என்று தெரிந்தால், பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு கைப்பேசியில் படம் எடுத்து, விற்பனைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடலாம். பதினைந்து ஆண்டுகள் கழித்துத் துளையிடும் இயந்திரத்தோடு வந்து நிற்கும் குழாய் வேலைக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.